ஹெரால்டுக்காரர்

வண்டி எப்போது வெளியே வரும் என்று இன்றைக்கு முதலில் கேட்கப்போகிறவர் யாராக இருக்கும் என்ற யோசனையோடுதான் தண்டாயுதம் டவுன் பஸ்ஸின் படியில் நின்றிருந்தார், அந்த யோசனையிலேயே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டார். பழைய கார்க்காரர்கள் சங்கத்தின் சந்தைக்கு டவுன் பஸ்ஸில் வருகிறவர் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும் என்பதால் ஒவ்வொரு வருஷமும் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வேப்பமர நிழலோடு நடந்து, ஏதோ பக்கத்தில் காரை விட்டுவிட்டு வருகிறவர்போல உள்ளே நுழைவது வழக்கம். இன்றைக்கோ, சந்தை நடக்கும் அந்தப் பழைய மூடிய மில்லின் வாசலிலேயே பஸ் அவரை இறக்கிவிட்டுப் புகையைக் கக்கிக்கொண்டு போனது. யாராவது பார்த்தார்களா, கேட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த செயலாளர் கோவர்த்தனன் பார்த்திருப்பார், இல்லை, குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், பார்த்திருந்தாலும் என்ன, கார் வேலையில் இருக்கிறவன் பஸ்ஸில்தானே வருவான், அது நியாயம்தானே, ஆனால் கார் வேலையில் இருக்கிறது என்பதே, சரி, அதை இப்போது எதற்கு. வீட்டிலிருந்து கிளம்பும்போது மனைவி விமலா வெங்காயம் உரித்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்: “இல்லாத மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வாங்கப் போறீங்களாக்கும்.” கோபமாகச் சொல்லியிருந்தால் ஒரு பதில் சொல்லியிருக்கலாம், அவள் கோபமாகச் சொல்லவில்லை, வெயிலாக இருக்கிறது குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோலச் சொன்னாள். கோவர்த்தனன் எழுந்து நின்று கைகூப்பினார். தண்டாயுதத்தைக் கண்டு ஆட்கள் எழுந்து நிற்பது இந்த மைதானத்தில் மட்டும்தான் நடக்கும், அவர் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்த கம்பெனியில்கூட ஓய்வு பெற்ற அன்றுதான் எழுந்து நின்றார்கள், அதுவும் மாலை போடுவதற்காக. “வாங்க ஹெரால்டு,” என்றார் கோவர்த்தனன், பெயரும் வண்டியும் அச்சடித்த அட்டையை அவருடைய சட்டைப் பையில் தானே குத்திவிட்டார், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்பது தண்டாயுதம் என்பதைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. “வண்டி எப்பங்க வெளிய வருது?” ஆக, முதலில் கேட்டவர் இவர்தான். “தைக்குள்ள வந்துரும்ங்க.” யோசிப்பதற்கு முன்னாலேயே நாக்கு சொல்லி முடித்துவிட்டது. “போன வருசமும் தைன்னீங்க.” “அது போன தைங்க.” பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அந்தச் சிரிப்பு உதட்டில் காய்ந்து ஒட்டிக்கொண்டு வெகுநேரம் விழாமல் இருந்தது.

முன்பு பஞ்சுப் பொதி அடுக்கிவைத்திருந்த மைதானம் அது. இப்போது வரிசை வரிசையாகத் தார்ப்பாய் விரித்து, கார்ப்பரேட்டர், ஸ்டீயரிங், துருப்பிடித்த பம்பர், முகம் பார்க்க முடியாத கண்ணாடி, ஒற்றை ஹப்கேப், எதன் எதன் வயிற்றிலிருந்தோ எடுத்த பல்சக்கரம் எல்லாம் வெயிலில் பரப்பிவைத்திருந்தார்கள், கிரீஸும் வேப்பம்பழமும் கலந்த வாசனை அடித்தது. தண்டாயுதம் குனிந்து ஒன்றை எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்கி வைப்பார், அந்தப் பாவனை அவருக்கு நன்றாக வரும், அதை யாரும் குறை சொல்ல முடியாது. என்ன தேடறீங்க என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு சாமான் இருந்தது, ஹெரால்டின் இடது பின்விளக்குக் கண்ணாடி, கண்ணாடி என்று பேர், சிவப்புப் பிளாஸ்டிக்தான். ஆட்டோக்காரன் உரசினால் முதலில் உடைவது அதுதான், அதனால் அது எங்கேயும் கிடைக்காது, கிடைக்காது என்று தெரிந்துதான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார். கிடைக்காத ஒன்றைத் தேடுகிறவனைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பரிதாபப்படுவார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள், அடுத்த வருஷம் வரலாம். இதை எப்போது யோசித்து முடிவு செய்தோம் என்று நினைத்துப் பார்த்தார். யோசித்துச் செய்யவில்லை, அது தானாக நடந்தது, அவ்வளவும் தானாக நடந்தது. சங்கத்தின் ஒரு கூட்டத்தில் மைக் பிடித்து, மெக்கானிக் கை படாமல் என் கையாலேயே முழு இன்ஜினையும் பிரித்துப் பூட்டிக் காட்டுகிறேன் என்று சொன்னதும் தானாக வந்ததுதான், கைதட்டல் கேட்டபோது காது மடல் சூடானது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பிரித்தது சுலபமாக இருந்தது. பிரிப்பதற்கு என்ன, குழந்தைகூடப் பிரிக்கும். போர்ட்டிகோவில் பழைய போர்வை விரித்து ஒவ்வொன்றாக அடுக்கிவைத்தபோது விமலா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “எது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுமில்லீங்க?” என்றாள், கைக்குத் தெரியும் என்றார். பூட்டும்போது ஒரு நட்டு இறுகவில்லை என்று தோன்றி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சாய்ந்தார், டொக் என்று ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை, கொய்யாக்காய் கடிக்கிற சத்தம், போல்ட் இன்ஜினுக்குள்ளேயே முறிந்துபோய் ஸ்பேனர் கையோடு வந்துவிட்டது. அன்றைக்கே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தால், ஆனால் கோயமுத்தூரில் எந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் அவனுக்குச் சங்கத்தில் யாரையாவது தெரிந்திருக்கும், அவன் சொல்வான், தண்டாயுதம் சார் போல்ட்டை முறிச்சுப்புட்டாருங்க என்று டீக்கடையில் சொல்வான், சிரிப்பார்கள். அதனால் தார்ப்பாயை இழுத்து மூடினார். மழை வந்தது, எலி வந்தது, சீட்டுக்குள் குட்டி போட்டது, இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்த வாசனை படுக்கையறை வரைக்கும் வந்தது, அவர் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவைத்தார். பிறகு விமலா தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், தெரிந்த ஆள் வேண்டாம் என்று திருப்பூர்ப் பக்கத்திலிருந்து பழைய இரும்புக்காரர்களை வரவழைத்தார். முழுசாகத் தூக்க முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். கேஸ் கட்டர் பட்டதும் பச்சைப் பெயிண்ட் கொப்பளித்துக் கருகியது, முன்பக்கம் மட்டும் இரண்டு விளக்கோடு தனியாகத் தரையில் உட்கார்ந்திருந்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பக்கத்து வீட்டு முருங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்த விமலா வெறும் போர்ட்டிகோவைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். கேட்டிருந்தால் அன்றைக்கு ஒரு முறை அழுதாவது தீர்த்திருக்கலாம்.

“ஹெரால்டு சார், எங்க போறீங்க, வாங்க இப்படி.” உக்கடத்துக் கமர்தீன் பாய். வருஷா வருஷம் வேப்பமரத்தடியில் அதே இடத்தில் கடை விரிக்கிறவர், வருஷா வருஷம் அவரிடம் தண்டாயுதம் கேட்பார், இல்லையே சார் என்று பாய் சொல்வார், அந்த இல்லையே என்பது தண்டாயுதத்துக்குக் கோயில் மணிபோல, அது கேட்டுவிட்டால் வந்த வேலை முடிந்தது, டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். இன்றைக்குப் பாய் அந்த ‘இல்லையே’யைச் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்த பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து, துணியைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். சிவப்பு. விரிசல் இல்லை, வெளுக்கவில்லை, வெயில் அதற்குள் புகுந்து பாயின் கையிலேயே ஒரு சிவப்புக் கறை விழுந்தது. “இடதுதான் சார். ஈரோட்ல ஒரு டாக்டர் வீட்டுப் பரண்ல கிடைச்சது. வேற யார் கேட்டாலும் தரக்கூடாதுன்னு எடுத்து வெச்சிருக்கேன். உங்க முகத்தப் பாக்கணும்னுதான்.” பாய் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் என்ன தெரிய வேண்டும், சந்தோஷம் தெரிய வேண்டும், சந்தோஷத்தை வரவழைக்கக் கன்னத்தை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று தெரியாமல் தண்டாயுதம் வாயைத் திறந்து மூடினார், பாய் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டிச் சிரித்தார். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வேறு இடத்தில் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடலாம், சரியான பொய், சின்னப் பொய். அதைச் சொல்ல வாய் எடுக்கும்போதுதான் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “ஏனுங்க பாய், அது ஹெரால்டு லைட்டுங்களா? லெஃப்டுங்களா?” முப்பத்தைந்து வயது இருக்கும், காட்டன் சுடிதார், நகத்தோரத்தில் மை ஏறியிருந்தது, தலையில் வெயிலுக்குத் துப்பட்டாவைப் போட்டிருந்தாள். “காலைல இருந்து அதைத்தானுங்க தேடறேன். எங்கயுமே இல்லீங்க.” பாய் சங்கடமாகத் தண்டாயுதத்தைப் பார்த்தார், அவளும் பார்த்தாள். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு குழந்தைக்குத் தெரியும். தண்டாயுதம் அதைப் பாயின் கையிலிருந்து எடுத்துத் தன் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டார். “எனக்கு எடுத்து வெச்சதும்மா.” குரலில் ஒரு கண்டிப்புகூட இருந்தது, வரிசையில் முந்தப் பார்த்தவளிடம் பேசுகிற கண்டிப்பு. அவள் உடனே பின்வாங்கினாள். “அய்யோ, மன்னிச்சுக்குங்க, தெரியாம கேட்டுட்டேன். நீங்க எடுத்துக்குங்க.” மன்னிப்புக் கேட்டாள். அவள் கேட்டாள். பாய்க்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு நடந்தபோது பை ஒன்றும் கனக்கவில்லை, அதில் இருந்தது ஒரு பூவன் பழம் அளவுக்குக்கூடக் கனம் இல்லை, ஆனால் அந்தப் பக்கத்துத் தோள் இறங்கியிருப்பதுபோல, பார்க்கிறவர்களுக்குத் தெரிவதுபோல இருந்தது. ஏன் எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லத்தானே வாயைத் திறந்தேன். வேறொருத்திக்கு வேண்டும் என்றதும் கை ஏன் முந்தியது. அவளுக்கு நிஜமாகவே வண்டி இருக்கிறது என்பதுதான், அவள் கேட்ட விதத்திலேயே அது தெரிந்தது, வண்டி இருக்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள், பாவனை இல்லாமல், பதறிக்கொண்டு. அந்தப் பதற்றத்தைப் பார்த்ததும் வந்ததற்குப் பேர் பொறாமைதான், இந்த வயசில் ஒரு டெயில் லைட்டுக்காக. வீட்டுக்குப் போய்விட வேண்டும், இப்போதே, யாரிடமும் சொல்லாமல்.

டீக் கேனுக்குப் பக்கத்தில் கோவர்த்தனன் பிடித்துக்கொண்டார். “உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். இவங்க ரேணுகா, உடுமலைல பிரஸ் வெச்சிருக்காங்க. புதுசா சேர்ந்திருக்காங்க. இவங்களுதும் ஹெரால்டு. ஏதோ சந்தேகமாம், நம்ம சங்கத்துல ஹெரால்டுன்னா நீங்கதான்னு சொல்லிட்டிருந்தேன்.” அவளேதான். அவள் சிரித்தாள், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத சிரிப்பு. “இவங்களை அப்பவே பாத்துட்டேனுங்க.” கோவர்த்தனன் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார். பேப்பர் கப்பில் டீ கையைச் சுட்டது, அதைக் கைமாற்றிக்கொண்டே அவள் சொன்னாள், உடுமலையிலிருந்து அந்த வண்டியிலேயே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், பின்விளக்கு உடைந்த இடத்தில் பிரஸ்ஸில் கிடந்த சிவப்பு ஜிகினாத் தாளை ஒட்டியிருக்கிறாள், மழை பெய்தால் நனைந்து கழன்று விழுந்துவிடும், போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, ஏம்மா இது காரா கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, பைக்குள் இருப்பது ஞாபகம் வந்ததும் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். இப்போது எடுத்துக் கொடுத்துவிடலாம், இப்போது கொடுத்தால் பெருந்தன்மை, எனக்கு அப்புறம் கிடைக்கும், நீ வைத்துக்கொள் அம்மா என்று சொல்லலாம். அதிலும் ஒரு வண்டி இருந்தாக வேண்டும், இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு பெருந்தன்மை வேறு. “உங்க வண்டி என்ன கலருங்க?” “பச்சை.” “ஒரு தடவை பாக்கணுமுங்க. போற வழில வந்துட்டுப் போகட்டுங்களா?” “பெயிண்டுக்குப் போயிருக்குதும்மா.” பச்சைப் பெயிண்ட் கொப்பளித்தது. கருகிய வாசனைகூட வந்தது, அது பக்கத்தில் எவனோ பீடி பற்ற வைத்த வாசனை. “சரிங்க, அப்ப என் வண்டிய நீங்க பாருங்க. இன்ஜின்ல டிக் டிக்குன்னு ஒரு சத்தம். எங்க ஊர்ல ஹெரால்டு தெரிஞ்ச ஒரே மெக்கானிக்கு துபாய் போய்ட்டாருங்க. அதனால நானேதான் எல்லாம் பண்றேன்.”

வெளிர் நீலம். மதிலோரம் புளியமரத்தடியில் நின்றிருந்த அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார், அந்த மூக்கு, அந்த இரண்டு விளக்கும் லேசாக முன்னால் துருத்திக்கொண்டு யாரையோ விசாரிப்பதுபோல நிற்கிற நிலை, அது உயிரோடு இருந்தது. அவள் இரண்டு பக்கத்துக் கொக்கியையும் விடுவித்து பானெட்டும் மட்கார்டும் சேர்ந்த முன்பக்கம் முழுவதையும் அப்படியே முன்னால் சாய்த்தாள், ஒரு கையால், பழகிய எருமையின் தலையைத் தள்ளுவதுபோல. உள்ளே எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஸ்டார்ட் செய்தாள். டிக் டிக் டிக். தண்டாயுதம் தலையைச் சாய்த்துக் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டார், அதுவும் நன்றாக வரும். என்ன சத்தம் என்று தெரியவில்லை. எதுவாகவும் இருக்கலாம். தெரியவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே, தெரியவில்லை என்ற சொல்லை இந்த மைதானத்தில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறோமா என்று யோசித்தார், சொன்னதாக ஞாபகம் இல்லை, அதற்குள் வாய் பேசிக்கொண்டிருந்தது. “ஹெட் நட்டு தளர்ந்திருக்கும்மா. நிறுத்திட்டு அந்த ஓரத்து நட்டை இறுக்குங்க, சரியாப்போயிரும்.” அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் இன்ஜினை நிறுத்தி, டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்துவந்து நட்டில் மாட்டினாள். நம்பிக்கை என்றால் அதுதான், அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்புவது. “எவ்வளவு இறுக்கட்டுங்க?” “கைக்குத் தெரியும்.” சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அவள் இழுத்தாள், இறுகியது. “இன்னுங்களா?” அவள் தோளைக் கொடுத்துச் சாய்ந்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, துப்பட்டா நழுவி விழுந்தது, அவருடைய வாய்க்குள் கொய்யாக்காய் துவர்த்தது, டொக் என்று இதோ கேட்கப்போகிறது, கேட்ட பிறகு இவள் உடுமலைக்கு எப்படிப் போவாள், இந்த வண்டியும் தார்ப்பாய்க்குள் போகும், மழை, எலி, “விடும்மா, விட்ரு,” என்று அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். வேற்றுப் பெண்ணின் கையை. சட்டென்று விட்டார். அவள் திகைத்துப் போய்ப் பார்த்தாள். “அது நட்டு இல்லைம்மா. எனக்குத் தெரியாது. என்ன சத்தம்னு எனக்குத் தெரியாது. இப்படித்தான் என் வண்டில இறுக்கி, உள்ளயே முறிஞ்சு போச்சு.” “பரவால்லீங்க, அதான் சரி பண்ணிட்டீங்கல்ல.” “இல்லை. வண்டியே இல்லை. அறுத்து இரும்புக்குப் போட்டாச்சு. ரொம்ப நாளாச்சு.” இவ்வளவுதானா என்று இருந்தது. இத்தனை வருஷம் மார்பில் கல்லாகக் கிடந்தது நாலே நாலு சின்ன வாக்கியமாக வெளியே வந்து வெயிலில் கிடந்தது, ஆனால் லேசாகவில்லை, அது பொய், சொல்லிவிட்டால் லேசாகும் என்று யாரோ சொல்வது. அவள் ஸ்பேனரைக் கழற்றித் துணியில் துடைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்: “அப்ப அந்த லைட்டை எதுக்குங்க வாங்கினீங்க?” பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். நன்றி என்று சொல்லவில்லை, சொல்லாததே சரி என்று பட்டது.

அவள் பின்பக்கம் போய் உட்கார்ந்து ஜிகினாத் தாளைச் சுரண்டி எடுக்கிற சத்தம் கேட்டது. போய்விடலாமா, நிற்க வேண்டுமா, போனால் ஓடிப்போனதாக இருக்கும், நின்றால் எதற்கு நிற்கிறான் என்று இருக்கும், இப்படி நின்றுகொண்டிருந்தபோது அவளே கூப்பிட்டாள். “உள்ள ஏறி பிரேக்க மிதிங்க, எரியுதான்னு பாத்துக்கறேன். சாவி போட்டாப்லதான் இருக்குது.” முன்பக்கத்தைத் தள்ளி மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தார். சீட் அமுங்கியது, ஸ்டீயரிங் அவருடைய கைக்குத் தெரிந்த அகலத்தில் இருந்தது, தொட வேண்டாம் என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பிரேக்கை மிதித்தார். “எரியுது,” என்றாள், “அப்படியே பிடிங்க, ஸ்குரூவ இறுக்கிக்கறேன்.” அவருக்குத் தெரியவில்லை, ஓட்டுகிறவனுக்குப் பின்விளக்கு தெரியாதே. மிதித்த காலோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஜன்னலில் கோவர்த்தனனின் முகம் வந்தது, பக்கத்தில் இன்னும் இரண்டு சங்கத்துக்காரர்கள். “சீட்ல உக்காந்தாத்தான் உங்களுக்குக் களையே வருது. பாய் சொன்னார், கண்ணாடி கிடைச்சிருச்சாமே. இனி சாக்கு சொல்ல முடியாது. ஒண்ணு பண்ணுவோம், வர்ற ஞாயித்துக்கிழமை நாங்கெல்லாம் உங்க வீட்டுக்கே வந்துர்றோம், ஆளுக்கு ஒரு கை புடிச்சா வண்டி வெளிய வந்துருது.” பின்னால் ஸ்குரூடிரைவர் சத்தம் நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்ல மாட்டாள், அது நிச்சயம், அவள் சொல்லாமல் இருப்பாள், உடுமலைக்குப் போய்விடுவாள், இன்றைக்கும் தப்பித்துவிடலாம், பெயிண்டுக்குப் போயிருக்கிறது என்று ஒரு வார்த்தை போதும், வாயில் தயாராகக்கூட இருக்கிறது. “வண்டி இல்லீங்க கோவர்த்தனன்.” ஸ்டீயரிங்கைப் பார்த்துத்தான் சொன்னார். “பிரிச்சேன், பூட்டத் தெரியலை. இரும்புக்குப் போட்டுட்டேன். அப்பவே போட்டுட்டேன். உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டிருந்தேன்.” முதலில் கோவர்த்தனன் சிரித்தார், கேலி என்று நினைத்துக்கொண்டு. பிறகு சிரிப்பு நின்றது. மற்ற இருவரில் ஒருவர் செருப்பைப் பார்த்தார், இன்னொருவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார், போன் அடிக்கவே இல்லை. “அப்படீங்களா,” என்றார் கோவர்த்தனன். ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, “கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்துல, பந்தில உக்காராம ஒரு பழைய ஷெட்டைத் தேடிப் போய் அந்தக் கண்ணாடிய விசாரிச்சுட்டு வந்தேனுங்க. வீட்டுக்காரி இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா,” என்றார். திட்டவில்லை, வெறுமனே தகவல்போலச் சொன்னார். தேடினார்கள். அவருக்காக. கிடைக்காது என்று அவர் பத்திரமாக இருந்த நேரமெல்லாம் இவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள், பந்தியில் உட்காராமல், பரணில் ஏறி, பெட்டியில் துணி சுற்றி. இதை அவர் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை, சிரிப்பார்களே என்று மட்டும்தான் பயந்திருந்தார். முகம் எரிந்தது, காது எரிந்தது, கண்ணில் வெயில் பட்டதுபோல நீர் கோத்தது. கோவர்த்தனன் ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். “சாப்பாடு ஆரம்பிச்சுட்டாங்க. வந்து சாப்பிடுங்க.” நகர்ந்தவர் நின்று, திரும்பாமலேயே சொன்னார். “கமர்தீன் பாய்க்கு நீங்களே சொல்லிருங்க. என்னால முடியாது.” அவர் போனார். புளியங்காய் ஒன்று கார் கூரையில் விழுந்து உருண்டது. பாயிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது, பாய் என்று ஆரம்பிக்கலாம், அதற்கு அடுத்த வார்த்தை, அந்தப் பெட்டிமேல்தான் இன்னும் உட்கார்ந்திருப்பார், எதிரே வருவதைப் பார்த்ததும் சிரிப்பார், மாட்டிப் பாத்தீங்களா சார் என்பார், அப்போது அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே, முதல் வார்த்தை பாய், அடுத்தது, அடுத்தது.

“ஏனுங்க,” என்று பின்னாலிருந்து ரேணுகா கூப்பிட்டாள். “கால எடுத்துருங்க. பேட்டரி எறங்கிரும்.” இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எடுத்தார். பெடல் அவர் செருப்போடு சேர்ந்து மெல்ல மேலே வந்தது.